ஆறு ஓட்டைகள்

எட்டு, எட்டு, பூஜ்யம், ஆறு.

தீயணைப்பு நிலையத்திலிருந்து கடிதம்:
பனி வேலியை விழுங்கினாலும்
சாலையிலிருந்து தெரியும்படி
வீட்டு எண்ணை மாட்டி வைக்கவும்.
இஷ்பெமிங்கில் இது வேடிக்கை இல்லை.
ஒன்றோ ஏழோ வாய்த்திருந்தால்
வெளியே ஒரு சுற்றில் முடித்திருப்பேன்.
எனக்கு வாய்த்ததெல்லாம் வயிறுள்ள எண்கள்.
ஆறு ஓட்டை.
ஒவ்வொன்றுக்கும் பிளேடைக் கழற்றி
துளையில் கோத்து
மறுபடி கவ்விக்குள் கொடுக்க வேண்டும்.

ரம்பம், வெர்னர் லாஹ்தி செத்த பிறகு
அவர் வீட்டுச் சாமான்களோடு ஏலத்தில் வந்தது.
அறுபது டாலர். என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.
மூன்றாமவர், "திருகாணியாக இருக்கும், சும்மா வைத்துக்கொள்" என்று
ஒரு புகையிலை டப்பாவையும் கொடுத்தார்.

முதல் பிளேடு நாலு நிமிடம்.
டிங்.
இரண்டாவது, மரத்தைத் தொடும் முன்பே.

பக்கத்து வீட்டு டுவேன் பீர் டப்பாவோடு வந்தார்.
இறுக்கம் அதிகம், ஐலி, என்றார். தளர்த்தினேன்.
பிளேடு நெளிந்து எட்டின் இடுப்பைத் தின்றது.
இறுக்கம் போதாது என்றார். முறுக்கினேன். டிங்.
வேகம் என்றார்.
பெல்ட்டை மெதுவான பள்ளத்துக்கு மாற்றினேன்.
மெதுவாக டிங்.
பிறகு என் கையைப் பார்த்தார்,
பத்தொன்பது குளிர்காலம் பனி வாரும் லாரி ஓட்டிய கை.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் சுருக்கென்றது.

பதினோராவது போனதும் வீம்பை விட்டேன்.
துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கி
செய்தித்தாளின் மேல் அடுக்கினேன்.
தனித்தனியே விசாரித்தும் ஒரே வாக்குமூலம்:
கீழ்க்கவ்விக்கு
நகத்தகலம் மேலே.
தேய்ந்து அறுந்ததல்ல.
வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, நிமிர்ந்து
அலுத்துப் போய் விட்டுக்கொடுத்தது,
நாம் கையால் கம்பி ஒடிப்போமே, அப்படி.

பிளக்கைப் பிடுங்கினேன். மேசையைச் சாய்த்தேன்.
பழைய எண்ணெய் தாராய் இறுகியிருந்தது.
டார்ச் வாயில், திருப்புளி கையில்.
கீழ்க்கவ்வியின் தாடைக்குள், மூலையில்,
வேறொரு பிளேடின் வால்.
என்னுடையதல்ல, துரு தின்றது.
பல்லிடுக்கில் மாட்டிய துணுக்குபோல் உட்கார்ந்து
தாடையை ஒரு மயிரிழை கோணலாக்கி வைத்திருந்தது.
மேலே நேர்; கீழே கோணல்;
நடுவில் நிற்பது என்ன செய்யும்.

ஊசியால் நெம்பினேன். வந்துவிட்டது.
அவ்வளவுதான்.

புதுத் திருகாணி போடலாமென்று
அந்த டப்பாவைத் திறந்தால்
ஒடிந்த பிளேடுகள்.
இருநூற்றுப் பதினாலு வரை எண்ணி நிறுத்தினேன்.
எல்லாம் என்னுடையவற்றின் நீளம்.
வெர்னர், யாரைத் திட்டினீர்?
பிளேடு விற்ற கடைக்காரனையா, மரத்தையா,
இல்லை, நீரும் உம் கையைப் பார்த்துக்கொண்டீரா?

பன்னிரண்டாவது பிளேடு.
சுண்டிப் பார்த்தேன், கொசு பாடுவதுபோல் ஒலித்தது.
எட்டு. எட்டு. பூஜ்யம்.
ஐந்து ஓட்டை, ஒரே பிளேடு.
ஆறின் வளைவில் அவசரப்பட்டுத் திருப்பினேன்.
டிங்.

எடுத்துப் பார்த்தேன்.
சரியாக நடுவில், பற்கள் இருக்கும் இடத்தில்.
இது நான் ஒடித்தது.
டப்பாவில் போடவில்லை;
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு கொஞ்சம் கோணல்தான்.
ஆம்புலன்ஸ்காரனுக்கு அது போதும்.