உருப்படாதவள்

டூன்கர்ராக் குன்றின் உட்புறத்தில்
பிள்ளைகளுக்கு முதலில் முயலைக் கற்றுத்தருவார்கள்.
காதிலிருந்து தொடங்க வேண்டும்,
பயத்தில் முடிக்க வேண்டும்.
பயம் வராவிட்டால் அது முயல் அல்ல,
முயல்தோல் போர்த்திய சோம்பேறி.

உருப்போட்டு உருப்போட்டு
என் தம்பி ஃபியக்ரா ஏழு வயதில் முயலானான்,
எட்டில் நாரை,
ஒன்பதில், சொன்னால் நம்பமாட்டீர்கள், மழை.
கால்மணி நேரம் பெய்துவிட்டு
ஈரத் தலையோடு சாப்பிட வந்தான்.

எனக்கு எதுவும் முழுதாய் வாய்த்ததில்லை.
விலாங்கு ஆனேன், காதுமடல் மிஞ்சியது.
நாரை ஆனேன், ஒற்றைக் காலில் நிற்கையில்
மடக்கிய காலில் செருப்பு.
"உருப்படாதவளே" என்றாள் அம்மா.
எங்கள் கூட்டத்தில் அது வசவு அல்ல,
மருத்துவக் குறிப்பு.

அக்டோபர் கடைசியில், மூடுபனி
ஆடுகளை ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டிருந்த சாயங்காலம்
வெண்ணெய் திருடப் போனேன்.
(திருட்டு என்பது உங்கள் சொல்.
நாங்கள் அறுவடை என்போம்.)
படகு கட்டும் டோனாக்கின் வீடு.
வாசல்மேல் அறைந்திருந்த லாடம்
துருவேறித் தன் வேலையை மறந்திருந்தது.
வெண்ணெயில் விரலை வைத்தேன்.
முற்றத்தில் பூட்ஸ் சத்தம்.

பூனையாகலாம்; அவனோடு நாய் வருகிறது.
எலியாகலாம்; அடுப்படியில் பூனை கிடக்கிறது.
புகையில் நான் இன்னும் பாஸாகவில்லை.
ஒன்றும் ஓடாமல்
கண்ணெதிரே இருந்ததைப் பார்த்து
நாற்காலியானேன்.

மேசையைச் சுற்றி மூன்று இருந்தன.
நான் நான்காவது.

விளக்கேற்றியவன் நின்றான்.
நாய் என் முன்னங்காலை மோந்து
வாலை ஒடுக்கிக்கொண்டது.
உதடு அசையாமல் எண்ணினான்.
பிறகு நாயிடம் சொல்வதுபோல்:
"லசரீனாவின் நாற்காலியை
பிப்ரவரியில் எரித்துவிட்டேனே.
கரி தீர்ந்துபோன வாரம்.
அவளை அடக்கம் செய்த மறுவாரம்."

ஓடியிருக்க வேண்டும் நான்.
நான்கு கால் இருந்தும்
நாற்காலிக்கு ஓடத் தெரியாது.

இரண்டு கிண்ணம் வைத்தான்.
ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்று வெறுமை.
யோசித்து, வெறுமையிலும் ஒரு கிழங்கு.
தன் கிழங்கின் தோலை உரித்தான்.
என் எதிரே இருந்ததையும் உரித்தான்.
காற்று திரும்பியதைப் பேசினான்,
பலகைக்குப் பணம் தராத ஒருவனைப் பேசினான்.
இடையில் "சரி சரி" என்றான்,
யாரோ குறுக்கே பேசியதுபோல்.

நடுநிசி தாண்டி எழுந்து வந்து
என்மேல் உட்கார்ந்தான்.

எடை என்றால் என்னவென்று
முயலுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியாது.
ஈரக் கம்பளி, தார் வாசம்,
ஐம்பது வருட எலும்பு,
அதற்கும் மேலே தராசில் ஏறாத ஏதோ ஒன்று.
எங்களில் யாரும் எதையும் தாங்கியதில்லை.
தாங்கும் நேரம் வந்தால்
வேறொன்றாகிவிடுவோம்.
நான் ஆகவில்லை.
கிரீச்சிட்டேன், ஒரே ஒருமுறை.
"தெரியும்" என்றான்.

விடியுமுன் அவன் படுக்கப் போனதும்
வெண்ணெயை மறந்து குன்றுக்கு ஓடினேன்,
நொண்டி நொண்டி.
இடது முழங்காலுக்குக் கீழே
இன்னும் ஆஷ் மரம்.
மந்திரித்தார்கள், பனித்துளி தேய்த்தார்கள்.
ஃபியக்ரா தட்டித் தாளம் போட்டுப் பார்த்தான்.
மரம் இறங்கவில்லை.
மழைக்கு முன்தினம் முனகும்.
நடனத்தில் எல்லாரும் நிலவாய்க் கரைகையில்
தரையில் டக் டக்கென்று
ஒரு கால் மட்டும் மிஞ்சும்.

அம்மா அதை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.
"இழைப்பு நன்றாயிருக்கிறது.
யார் கை?"

நான் வாய் திறக்கவில்லை.

நேற்று அவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
மேசையைச் சுவரைவிட்டு ஓரடி நகர்த்தியிருக்கிறான்.
நாய் நிமிர்ந்தது, குரைக்கவில்லை.
ஜன்னல் விளிம்பில் அதே வெண்ணெய்க்கட்டி.
புளித்து, ஓரம் மஞ்சளித்து,
நடுவில் என் விரல் குழி
அப்படியே.