அடிப்பக்கம்

முதல் வருஷம் விரல்கள் மட்டும்தான்.
வில்லாபுரம் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி நிழல்,
கவிழ்த்துப் போட்ட மிக்ஸி,
நாலு திருகு, தேய்ந்த கப்ளர்.
தலைப்பு: மிக்ஸி கப்ளர் மாற்றுவது எப்படி.
பார்த்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
அதில் இருபது நான்.

அவனியாபுரத்துப் பக்கம் இறங்கும் விமானம்
கார்பன் பிரஷ் என்று நான் வாயெடுக்கும்போதே வரும்.
எடுக்கிற நேரத்தை மாற்றினேன்.
விமானமும் மாற்றிக்கொண்டது.

கொழுந்தன் பூபாலன்
டவுன்ஹால் ரோட்டில் போன் கவர் விற்கிறவன்.
"எப்படின்னு தெரிஞ்சுக்கிற எவனும் வரமாட்டான் மதினி,
பயந்தாத்தான் வருவான்" என்றான்.
இந்தத் தப்பை மட்டும் பண்ணிராதீங்க
என்று தலைப்பு வைத்தோம்.
சிவப்பு அம்புக்குறி.
என் கையில் எந்த மோட்டாரும் இதுவரை கக்காத
ஒரு தீப்பொறி.
ஒன்பதாயிரம் பேர் பயந்தார்கள்.
மறுவாரம் அதே பயம்
நானூறு பேருக்குக்கூடப் போதவில்லை.

முகத்தைக் காட்டச் சொன்னான். காட்டினேன்.
சேலை எந்தக் கடை என்று கேட்டார்கள்.
மூக்குத்தி ஒற்றைக்கல்லா என்று கேட்டார்கள்.
மோட்டாரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்புறம், ஒரு நிமிஷத்துக்குள் முடிக்கணுமாம்.
துருப்பிடித்த திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டால்
ஊறவே பத்து நிமிஷம்.
ஊறுவதை வெட்டினேன்.
திருகு தானாகக் கழன்று கொடுத்த மாதிரி இருந்தது.
அதை நம்பி, காய்ந்த திருகை மல்லுக்கட்டித்
தலையை மழித்துவிட்ட ஒருவர்
ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு
மூன்று மாடி ஏறி வந்தார்.
மூச்சு வாங்க நின்றார்.
என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.
காசு வாங்காமல் அனுப்பினேன்.

பங்குனியில் கூரியரில் வந்தது
ஒரு பெட்டியும் ஒரு வாக்கியமும்.
'இதுக்கு ரிப்பேரே வராது.'
சிரித்த முகமாகச் சொன்னால் இருபத்தைந்தாயிரம்.
பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டச் சொல்லி
இரண்டாவது முறை குறுஞ்செய்தி வந்திருந்த வாரம்.

ராத்திரி பெட்டியைப் பிரித்தேன்.
எடுத்த கையோடு கவிழ்த்தேன், பழக்கம்.
அடியில் திருகே இல்லை.
வார்த்து ஒட்டிய பிளாஸ்டிக்,
முட்டை மாதிரி வழவழவென்று.
வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லைதான்.
ரிப்பேர் வராது.
வருவதற்கு வாசல் வைக்கவில்லை.

கேமரா இல்லாமல் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன்.
மூன்று தடவை
நன்றாகவே வந்தது.

திருப்பி அனுப்ப முந்நூற்றுப் பத்து ரூபாய்,
என் காசு.
பள்ளிக்கூடத்துக்கு வளையல்.

இப்போது சிம்மக்கல் பக்கத்து அச்சகத்தில்
ஐந்நூறு ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன்.
என் பேர், மல்லிகேஸ்வரி. போன் நம்பர்.
வருகிற மிக்ஸிக்கெல்லாம்
வேலை முடிந்ததும் துடைத்து அடிப்பக்கத்தில் ஒட்டுகிறேன்.
பூபாலன் தலையில் அடித்துக்கொண்டான்.
"அடியில ஒட்டுனா எவன் மதினி பாப்பான்?"
"கெட்டுப்போன அன்னைக்குக் கவுத்துவாங்கல்ல."

சொன்னேனே தவிர
கணக்கு எனக்கே இடிக்கிறது.
நாற்பத்தொன்று ஒட்டியாயிற்று.
ஒன்றும் திரும்பி வரவில்லை.
நான் ஒழுங்காக வேலை பார்த்தால்
என் விளம்பரம் இருட்டில்தான் கிடக்கும்,
அவனியாபுரம், அனுப்பானடி, செல்லூர் என்று
நாற்பத்தொரு அடுப்படியில்,
சட்னி அரைபடும்போது லேசாக அதிர்ந்துகொண்டு.

இன்றைக்கு ஏற்றியது பதினெட்டு நிமிஷம்.
எதையும் வெட்டவில்லை.
நடுவே பத்து நிமிஷம்
திருகு ஊறுகிறது.
அதில் ஒரு விமானம்.