வசன உதவி

முள்ளியவளையில், பள்ளிக்கூடத்தின் அதே மண்டபம்.
கூரை மட்டும் புதிது, நீலத் தகரம்.
விஸ்கிப் போத்தலுக்குள்
ஆறிப்போன பிளேன்ரீ ஊற்றுகிறான் ஒரு பொடியன்.
நிறம் சரியா என்று என்னைக் கேட்கிறார்கள்.
இன்னும் கொஞ்சம் சாயம் என்கிறேன்.
கொலின் குடித்தது இதைவிடக் கறுப்பு.
அது முடிந்த பிறகு
ஒட்டுசுட்டான் தவறணையில் பிளாவில் கள்ளும் குடித்தான்,
நுரையில் மிதந்த தேனீயை விரலால் எடுத்துக்
காற்சட்டையில் துடைத்துவிட்டு.
அது நாவலில் இல்லை.

நாவலில் நான் சாரதி. பெயர் ராஜ்.
சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியவன் இல்லை நான்.
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தேன்.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு
அவனுடைய வாயாக இருந்தேன்,
பதினொரு நாள்.

கடல் வந்துபோய் மூன்றாம் கிழமை.
எமல்டா இந்தச் சுவரோடுதான் இருந்தாள்,
நிவாரணத்துக்கு வந்த ஆம்பிளைச் சேட்டைப்
பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டு.
அவன் முழந்தாளிட்டு, முகத்துக்குக் கிட்டப் போய்க் கேட்டான்,
எத்தனை பேரை இழந்தீர்கள்?
நான் தமிழில் கேட்டேன்.
அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"இவற்ர வாய் மணக்குது.
தள்ளி நிண்டு கேக்கச் சொல்லு தம்பி."

பேனா காத்திருந்தது.
அன்றைய ஆயிரத்தைந்நூறு இன்னும் கைக்கு வரவில்லை.
வந்ததற்கு நன்றி சொல்கிறா என்றேன்.

அவன் அழுதான்.
கள்ளு பாதி, மிச்சம் அவன்தான்.
அந்த நன்றியில்தான் நாவல் முடிகிறது,
முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அதற்குப் பிறகு கதாநாயகன் குடியை விட்டுவிடுகிறான்.
கொலின் விடவில்லை என்று கேள்வி.

இன்று அந்த நன்றியைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் காசு.
வசன உதவி என்று கழுத்தில் அட்டை.
சென்னையிலிருந்து வந்த மிருதுளா
பதினான்கு தரம் நன்றி சொல்லிவிட்டாள்,
நடுங்கி, கும்பிட்டு,
கிளிசரின் போட்டு, போடாமல்.
வெள்ளைக்கார இயக்குநர் தலையை ஆட்டுகிறார்.
ஏதோ குறைகிறதாம்.

சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கேட்டாள்:
"அந்த மாதிரி நேரத்துல யாரு சார் நன்றி சொல்லுவா?"
இருபது வருடமாக ஒருவரும் கேட்காதது.
சொன்னேன்.
"மணக்குதா? அது நல்ல வாசனை இல்லையா?"
எங்களுக்கு மல்லிகையும் மணக்கும்,
மற்றதும் மணக்கும் என்றேன்.
அந்தக் கிழமை முழுக்க மற்றதுதான்.
சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை. பார்சலை அப்படியே மடித்துவிட்டாள்.

பதினைந்தாவது தரம்.
நடிகர் முழந்தாளிட்டார், வாயில் தேயிலைக் கறையோடு.
அவள் அவரைப் பார்க்கவில்லை.
கமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.
"இவற்ர வாய் மணக்குது.
தள்ளி நிண்டு கேக்கச் சொல்லு தம்பி."
எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

சுவரோரம், ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு
அகதியாக இருந்த ஊர்ச்சனத்தில் ஒரு மனுசி
சீலைத் தலைப்பை வாயில் பொத்தினாள்,
சிரிப்போ இருமலோ.
இயக்குநர் கண்ணைத் துடைத்தார்.
இதுதான், இதுதான் என்றார்.
வசனம் கொஞ்சம் நீளமாக இருந்ததே, என்ன சொன்னாள்?

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
நன்றிதான் என்றேன்.
இந்தப் பக்கத்து நன்றி கொஞ்சம் நீளம்.
படத்தின் அடியில் ஓடப்போகும் வெள்ளை எழுத்துக்காக
யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள்.

எமல்டாவை நான் பிறகு தேடவில்லை.
தேடினேன் என்று எழுதினால்
இதுவும் நாவலாகிவிடும்.

பின்னேரம் காசு எண்ணித் தந்தார்கள்.
பற்றுச்சீட்டில் ராஜ் என்று இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.