பதினோராம் கதவு

வெள்ளைதான் வேணும் என்றாள் பைரவி.
சாம்பார் கொதிக்கிற வீட்டிலா என்று நான் கேட்கவில்லை.
கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும்.
"தின்னர் நாத்தம் கூடாது. அவருக்கு இழுப்பு.
தண்ணில கரைஞ்ச பூச்சா இருக்கணும்.
காஞ்ச பிறகு தண்ணிக்குக் கரையக்கூடாது."
இரவுப்பணித் தாதி.
சொல்லிவிட்டு என் நாற்காலியிலேயே
ஒரு நிமிடம் கண்ணயர்ந்தாள்.

ஐந்து பலகை அடித்துக் கொடுத்தேன்.
ஐந்தும் வெள்ளை. பின்பக்கம் பென்சிலில் ஓர் எண்.
விலை எழுதவில்லை.

பத்து நாள் கழித்துப் பலகைகள் திரும்பின,
எண்ணுக்குக் கீழே
நோயாளி அட்டைபோல் மணி மணியாகக் குறிப்புகளோடு:
ஒன்று. மஞ்சள், இரவு 8.00. காலை 7.00 கறை. போகாது.
இரண்டு. கெண்டி வைத்த இடம் மங்கிய வட்டம்.
மூன்று. நல்லெண்ணெய்க் கை. நான்காம் நாள் பிசுபிசுப்பு,
நகம் இறங்குகிறது.
நான்கு. சம்பல், சோயா, எல்லாம் தாங்கியது.
கரண்டி விழுந்ததும் மூலை பெயர்ந்தது.
ஐந்துக்குக் கீழே வெறும் நேரங்கள்.
"இது பிழைச்சிடும்" என்றாள்.

நான் மனதில் வைத்திருந்தது நான்கை.
அதுதான் விலை கூடியது.

சுங்கை காடுட்டில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.
ஈரமானியில் எண்பத்தெட்டு.
முதலாளி குவெக் வாசலில் நின்று
வானத்தைப் பார்த்தபடி ஹொக்கியனில் என்னைத் திட்டினார்.
தண்ணீர்ப் பூச்சு காய, தண்ணீர் எங்காவது போகவேண்டும்.
இந்த ஊர்க் காற்றோ
காலை ஏழு மணிப் பேருந்து. படியிலும் இடமில்லை.

கடினமாக்கியைக் கலந்தாயிற்று.
இனி நான்கு மணி நேரம்,
பிறகு டப்பாவுக்குள்ளேயே கல்.
வடிகட்டினேன். கோப்பையில் ஊற்றி
ஒழுக்கு அறுந்து சொட்டாகும் நொடியை எண்ணினேன்.
துப்பாக்கி ஒரு சாண் தள்ளி.
மணிக்கட்டு மட்டும் திரும்பினால் கெட்டது,
தோளிலிருந்து மொத்தக் கையும் நடக்கவேண்டும்.
கதவுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கவேண்டும்.
தயங்கிய இடத்தில் வழியும்.
முந்தைய வரியின் பாதிமேல் அடுத்தது,
ஈரம் மறப்பதற்குள்.

முதல் பூச்சில் மரத்துக்கு மயிர்க்கூச்செறியும்.
முந்நூற்றிருபது எண் காகிதத்தால்
தடவித் தடவி உட்காரவைக்கவேண்டும்.
ஆறாம் கதவில் ஓர் ஈசல் இறங்கி
சிறகைக் கழற்றி வைத்துவிட்டு நடந்துபோனது.
இடுக்கியால் எடுத்தேன்.
மறுபடி தேய்ப்பு. மறுபடி மழை.

பதினேழு கதவையும் ஈசூன் வீட்டில் மாட்டியபோது சொன்னேன்,
தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும்,
நம்பாதீர்கள், இருபத்தொரு நாள்.

இரண்டு மாதம் கழித்து அழைத்தாள்.
பதினோராம் கதவின் கீழோரம்,
வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் மட்டும் தெரிகிறது
ஒரு கட்டைவிரல்.
"அவர்தான் அவசரப்பட்டு அழுத்திட்டாரு.
ரெண்டு நாளா பேசலை நான்."

குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
ரேகைக்குக் குறுக்கே உளி பட்ட தழும்பு.
பதினெட்டு வருடம் காகிதத்தோடு தேய்ந்த என் விரல்.
விடிகாலை ஐந்துக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்
எத்தனை முறை வைத்தாலும்
யாரோ என்று சொல்லும் இயந்திரம்.
இங்கே
ஒரு வளைவு விடாமல், ஒரு சுழி விடாமல்.

என்னுடையது என்றேன்.
அவள் அறைப்பக்கம் திரும்பி
"ஏங்க, நீங்க இல்லையாம்" என்றாள்.
உள்ளிருந்து பதில் இல்லை.

கதவைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.
நானூறு எண் காகிதத்தை நாலாக மடித்து,
தண்ணீர் தொட்டு,
அந்த விரலாலேயே தேய்த்தேன்.

மறுநாள் ஐந்து மணி. கண்ணாடிமேல் விரல்.
பச்சை எரியவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சட்டையில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.