ஒரு பேருக்குத்தான் இடம்

தோட்டத் திடலுக்குப் புது வாசல் வைக்கிறார்கள்.
பலகையில் ஒரு பேருக்குத்தான் இடமாம்.
கோல கெட்டிலிலிருந்து வந்த ஆ ஹோக்
எழுத்துக்கு எட்டு ரிங்கிட் சொல்லிவிட்டு
தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு
வெளியே சிகரெட் பிடிக்கிறான்.
மன்றத்துக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல்
வழக்கம்போல
நாலு கிலோ இரும்புக் குண்டு முட்டுக்கொடுத்திருக்கிறது.

சன்னாசிதான், என்கிறார் செயலாளர்.
நூறு மீட்டர். பதினொன்று புள்ளி ஒன்று.
அந்தப் பக்கம் சரிவு சார்,
மழைத்தண்ணி ஆலைக்கு ஓடுற வழி,
சன்னாசியும் அப்படித்தான் ஓடினான்,
என்கிறான் தவமணியின் தம்பி.
உங்க அக்கா குதிச்சது மட்டும்?
மரத்தூள் மூட்டையில விழுந்தா யாருக்கும் பயமிருக்காது!
பயமில்லாம நீங்க குதிங்க பாப்போம்,
ஒண்ணு அம்பத்தெட்டு.

தியாகு சார் கால்குலேட்டரைத் தட்டுகிறார்.
மாநிலச் சாதனையில் இவர்கள் எத்தனை விழுக்காடு?
சன்னாசி தொண்ணூற்று நாலு.
தவமணி தொண்ணூற்று இரண்டு.
பெரியண்ணன் எண்பத்தெட்டு.
அது எப்படி, என்று ஒரு கை மேசையைத் தட்டுகிறது.
எங்கள் திடல் சுற்றுக்கு முன்னூற்று இருபது மீட்டர்,
ஆலைக் குளம் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.
பத்தாயிரத்துக்கு முப்பத்தொன்றேகால் சுற்று.
எண்ண உட்கார்ந்தவன் இடையில் தூங்கிப்போக
பெரியண்ணன் முப்பத்திரண்டேகால் ஓடினார்.
கூடுதல் சுற்றுக்கு
எந்த விழுக்காட்டில் இடமிருக்கிறது சார்?

என் பக்கம் திரும்புகிறார்கள்.
நான் எதிலும் வென்றவன் இல்லை.
ஆனால் எல்லாரிடமும் தோற்றவன்
இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

சன்னாசியிடம் தோற்க அதிக நேரம் ஆகாது.
வெடிச்சத்தம் கேட்டது,
அவன் முதுகில் ஏழாம் எண் தெரிந்தது,
பிறகு அதுவும் தெரியவில்லை.
பெரியண்ணனிடம் தோற்க அரைமணிக்கு மேல் ஆனது.
விடியலில் பெரட்டுக்குப் போய்
முன்னூறு மரம் வெட்டிவிட்டு வந்த மனிதர்
என்னைக் கடக்கும்போதெல்லாம் கேட்டார்:
தண்ணி குடிச்சியா தம்பி?
மூன்று முறை கேட்டார்.
பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

தவமணி வேறு மாதிரி.
நான் தட்டிவிட்ட கம்பைத் தானே எடுத்து வைத்து
அதே உயரத்தில் தாண்டிக் காட்டுவாள்.
ஒரு நாள் சொன்னாள்:
ஓடுறவங்க ஜெயிச்சதோட வீட்டுக்குப் போயிடலாம்.
நான் ஜெயிச்ச பிறகும் கம்பை ஏத்துவாங்க,
மூணு தரம் தட்டிவிட்டுத்தான் இறங்கணும்.
மெடல் வாங்கும்போதும்
கடைசியா செஞ்சது தப்பாத்தான் இருக்கும்.

இதை எந்தத் தராசில் வைப்பது?
ஒருவன் வினாடியைப் பிளந்தான்,
ஒருத்தி உயரத்திடம் கெஞ்சவில்லை,
ஒருவர் சலிப்பைத் தோற்கடித்தார்.
மூன்றையும் கூட்டி நான் பேசத் தொடங்கும்போது
ஆ ஹோக் எட்டிப் பார்த்து
பெயின்ட் காயுது அண்ணே, என்கிறான்.

சரி, ஓட்டெடுப்போம் என்கிறார் செயலாளர்.
குண்டு எறிஞ்சதைச் சேர்க்கலையே,
என்று எவரோ முனகுகிறார்.
அது பலம், திறமை இல்லை,
என்று எவரோ முடித்துவைக்கிறார்.
நான் வாய் திறக்கவில்லை.
அங்கம்மாவிடம் நான் தோற்றது
ஐந்தேகால் மீட்டர் வித்தியாசத்தில்.

அந்த நேரம் பார்த்து
வாசலில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது.
செம்பனைப் பழத்தூள் ஒட்டிய சட்டை, பூட்ஸ்.
கோயில் சந்தா ரசீது வாங்க வந்திருக்கிறாள்.
இன்னும் முடியலையா, யாரு பேரு?
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அவள் கீழே பார்க்கிறாள்.
அட, இது இங்கயா கெடக்குது.
ஒரு கையால் எடுத்து
துருவைக் கட்டைவிரலால் துடைத்து
கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே
பழைய இடத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது.
அவள் வெளியே,
நாங்கள் பதினொரு பேர் உள்ளே
தொண்ணூற்று நாலோடும் தொண்ணூற்று இரண்டோடும்.