பசு விற்ற ரசீது

கடல் கொண்டுபோனது என்றுதான்
எங்கள் வீட்டுக் கணக்கு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, அக்டோபர்,
ஹெர்ரிங் பிடிக்கப் போன படகு.
உடல் கிடைக்காத கொள்ளுத்தாத்தா வில்லெமுக்கு
சாரெமா தீவின் இடுகாட்டில் வெறும் கல்.
அதில் பாசி சுரண்ட
வருடம் ஒருமுறை போவாள்
அத்தை லெய்டா.

ஆவணக்கூடத்தில் எனக்கு மூன்று குளிர்காலம்.
ஞானஸ்நானம், அம்மை ஊசி,
ஆறு ரூபிள் கடன்,
ஒரு பசு விற்ற ரசீது.
நோயில் செத்த பசு என்பார்கள் அதை.
சிரித்துவிட்டு நகலெடுத்து வைத்தேன்.

நேற்று ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு உறை.
திருமணப் பதிவு, தொள்ளாயிரத்துப் பதினான்கு.
மணமகன்: வில்லெம், பாய் தைப்பவன்,
மனைவியை இழந்தவன்.
கையெழுத்தில் வால் சுருண்ட அதே முதலெழுத்து.

அந்த வருடம் லீசு
இங்கே கறுப்பு முக்காட்டில்
உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.
ஆளுக்கொரு கரையில்
மற்றவரைச் சாகடித்துவிட்டு
இருவரும் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

பாவம் லீசு என்று
எழுதப் போனவன்
ரசீதை மறுபடி எடுத்தேன்.
தேதி: படகு போவதற்கு ஒன்பது நாள் முன்பு.
விற்றவர், வில்லெம்.
சாட்சி,
நிதானமான குண்டு எழுத்தில்,
லீசு.

தொலைபேசியில் அத்தை:
"சனிக்கிழமை கல்லறைக்கு வருகிறாயா?
பிரஷ் தேய்ந்துவிட்டது,
புதிதாக ஒன்று வாங்கி வா."

கம்பி கெட்டியானதா, நைலானா
என்று கேட்டேன்.