வாயைத் திறவுங்கோ

ஸ்காபறோவில் ஒரு பல்லுக்குக் கேட்ட காசில்
விமான ரிக்கெற்றும் எடுத்து, இங்கே பல்லும் கட்டி,
மிச்சத்தில் ஒரு மாதம் நின்றுவிட்டும் போகலாமென்று
கணக்குப் பார்த்து வந்தவர் புவனேந்திரராசா.
கீழ்க் கடைவாய், இடது பக்கம்.
கொக்குவிலில், ஃபோன் கடைக்கு மேல்மாடியில்
என் கதிரையில் சாய்ந்தார்.

விறைப்பு ஊசி பிடிக்கப் பத்து நிமிடம் வேணும்.
அந்தப் பத்து நிமிடத்தில்
கனடாவின் வரி ஒன்றை நீக்கினார்,
மேற்கிலிருந்து கிழக்குக்கு எண்ணெய்க் குழாய் இழுத்தார்,
மொன்றியல் விமான நிலையத்தில் எண்பத்தேழில்
தான் அகதியென்று கை தூக்கிய கதையைச் சொன்னார்.
அடுத்த வசனம்:
"இனிக் காணும் டொக்டர், கதவைச் சாத்தோணும்."
வாயைத் திறவுங்கோ என்றேன்.

திறந்த வாயாலும் கதைத்தார்.
ஆ, ஓ, ஆஆ, ஊ.
உறிஞ்சு குழாயைப் பிடித்திருந்த கஜானி
காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"மிஸ், ஹொக்கி."

அறுபத்தேழுக்குப் பிறகு
கோப்பை தூக்காத அணியாம் அவருடையது.
சித்திரையில் நம்பி வைகாசியில் அழுகிறாராம்.
காவலாளி சரியில்லை, பயிற்சியாளர் சரியில்லை,
சம்பளம் கூடிப் போச்சு.
பனியையே கண்டிராத கஜானி
இரண்டாம் நாள் கேட்டாள்:
"அப்ப ஆளை மாத்தலாம்தானே அங்கிள்?"
அதற்கு மட்டும் இருபது நிமிடம் போனது.

மூன்றாம் நாள் சினிமா.
அறுபது வயதுக் கதாநாயகன் ஆடக்கூடாது,
சென்னைப் பாட்டுப் போட்டியில் கனடாப் பிள்ளைக்கு அநியாயம்,
பதினெட்டு வாக்கு அனுப்பியவர் சொல்லுகிறார், கேளுங்கோ.

நான்காம் நாள் கரண்ட் போனது.
கீழே ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ
ஒரு வேட்பாளரின் பெயரைச் சந்தி முழுக்கத் தெளித்துக்கொண்டு போனது.
"உங்கடை ஆக்கள் ஒற்றுமையாய் நிக்கோணும்.
நீங்கள் ஆருக்குப் போடுவியள்?"
முகக்கவசம் எவ்வளவு நல்லது.
ஜெனரேற்றர் வந்தது, துளைகருவி பாடியது.

ஐந்தாம் நாள் பல் வேரோடு பிளந்திருந்தது.
காப்பாற்ற ஏலாது.
பிடுங்கினேன்.
பஞ்சை வைத்து, கடியுங்கோ என்றேன்.
அரை மணித்தியாலம். கதைக்கவே கூடாது.

வெளியே மழை. அடுத்த ஆள் வரவில்லை.
கஜானி தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள்.
சுழல் கதிரையை இழுத்து அவர் முன்னால் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்துக் கோல் ஷூட்டர் என்றேன்.
மாகாணப் போட்டியில் ஒரு புள்ளியால் தோற்றோம்.
பந்து வளையத்துக்குள் போன பிறகுதான் விசில் ஊதினது,
இருபத்திரண்டு வருசம், அந்த நடுவர் செய்தது பிழை.
பாட்டுப் போட்டியில் நடுவர்கள் அழக்கூடாது,
அழுகிறதுக்கு நாங்கள் இருக்கிறோம்.
தமிழில் பேசுகிற கொரியத் தொடர்களை
கேலி செய்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை.
ஒற்றுமை ஒற்றுமை என்கிற எவரும்
தான் விலகி நிற்கிறேன் என்று சொன்னதை
நான் இன்னும் கேட்கவில்லை.
போன தேர்தலில் ஆருக்குப் போட்டேன் என்று
என்ரை புருசனுக்கும் தெரியாது.
அவருக்குச் சொன்னேன்.

புருவம் இரண்டும் கூரைக்குப் போயின.
கை எழும்பியது.
கடியுங்கோ, என்றேன்.

என்ரை தம்பிக்கு உங்கடை நாடு
இரண்டு தரம் விசா மறுத்ததையும் சொன்னேன்.
அவர் அந்தப் பஞ்சை
நான் சொன்னதை விட அழுத்திக் கடித்தார்.
மழை கொஞ்ச நேரம் எங்களுக்காகக் கதைத்தது.

பிறகு சைகையால் பேனை கேட்டார்.
மருந்துச் சீட்டைத் திருப்பி,
முன்னுக்கு ஏதோ எழுதி வெட்டி,
அதற்குக் கீழே,
வளைந்த பழைய கையெழுத்தில்:

"வலைப்பந்து வளையம் எத்தினை அடி உயரம்?"

பத்து, என்றேன்.
விறைப்பு காதுக்கும் ஏறிவிட்டதோ என்னவோ,
திரும்பவும் பார்த்தார்.
கையுறையோடு
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.